பின்சீட்டுக் கிளட்ச்

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வெயிலும் மழையும் பட்டு நீலம் வெளுத்துப்போன அதே தார்ப்பாய்தான். மடிக்கும்போது பெட்ரோல் வாசனையும் முறுக்கு எண்ணெயின் சிக்கு வாசனையும் சேர்ந்து வந்தன. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. ஒரு நிமிஷம் முகத்தருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் தூசி ஏறித் தும்மினேன், அவ்வளவுதான்.

வண்டி போய்விட்டது. இதைச் சொன்னதும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். யார் வாங்கினார்கள் என்றுகூடக் கேட்க மாட்டீர்கள். "லிவரு?" என்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். நம் பைக்கின் பின்சீட்டு ஓரத்தில் மெக்கானிக் சேவி சேட்டன் மாட்டிக்கொடுத்த அந்தக் கிளட்ச் லிவரைக் கழற்றிவிடுவதா, அப்படியே விடுவதா என்று என்னிடம் வந்து நின்றார். "சேச்சி, இது ஊரணோ, வேண்டயோ?" என்று கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு. நீங்கள் இருந்தால் உங்கள் தலையில் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். நானே பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தமிழில் எழுதுகிறேன் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களுக்கு மலையாள எழுத்துதான் ஓடும். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் பாதி வரியிலேயே கொட்டாவி விட்டு, "நீயே வாசிளா" என்று நீட்டிவிடுவீர்கள். சரி, வாசிக்கிறேன். நடுவில் பேசாமல் கேளுங்கள்.

கொச்சங்காடிக் கிடங்கில் பச்சரிசி எடுக்கப் போன இடத்தில் மூட்டை அடுக்கு சரிந்து உங்கள் இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. கை அங்கேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னதை நீங்கள் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னீர்கள், எனக்கென்னவோ மலையாளமே தெரியாதது போல. தினமும் காலையில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவேன். "சூடு சரியா இருக்கான்னு நீயே பாத்துச் சொல்லு. எனக்கு அது யாரு கையோ" என்பீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடக்கும்போது அந்தக் கை ஆடி ஆடி இடித்துக்கொள்கிறது என்று உங்கள் பழைய லுங்கியில் ஒரு பை தைத்து, வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

முறுக்கு சுடுவது நான், கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுவது நீங்கள் என்றுதான் நம் பிழைப்பு ஓடியது. மட்டாஞ்சேரிச் சாயக்கடைகள், தோப்பும்படி, கலூர் பஸ் ஸ்டாண்டு, காக்கநாட்டுக் கேன்டீன். வண்டி நின்றதும் அடுப்பும் நின்றது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தெருவே புத்தி சொன்னது. "ஸ்கூட்டர்லயும் எடது கைக்கு ஒரு பிரேக்கு வச்சிருக்கான். அதை யாரு பிடிப்பா?" என்றீர்கள். பேச்சு நியாயம்தான். ஆனால் அந்த வண்டியை விட்டுப் பிரிய உங்களுக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தவள் அவள், நான் இரண்டாந்தாரம் என்று எத்தனை தடவை உங்களிடம் குத்திக்காட்டியிருக்கிறேன்.

சேவி சேட்டன் முதலில் கிளட்ச் லிவரையும் வலது பக்கமே, பிரேக் லிவருக்குக் கீழே மாட்டினார். ஹாரனும் இண்டிகேட்டர் சுவிட்சும் அந்தப் பக்கமே வந்தன. ஒரே கைக்கு அத்தனை வேலை. ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும், கிளட்சை மெல்ல விட வேண்டும், பிரேக்கும் பிடிக்க வேண்டும். பஜாரில் ஒரு தள்ளுவண்டிக்காரர் குறுக்கே வந்ததும் உங்கள் விரல்கள் குழம்பிப்போய், வண்டியோடு அவருடைய வெங்காய மூட்டைமேல் போய் உட்கார்ந்தீர்கள். அடி ஒன்றும் இல்லை. அவர் கேட்ட கேள்விதான் பலமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. கிளட்ச் தானாகவே பிடித்து, தானாகவே விட்டுக்கொள்ளும்படி ஒரு சாமான் இருக்கிறது, ஆட்டோ கிளட்ச் என்று பேர், கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றார் சேவி சேட்டன். "அது வரைக்கும்?" என்றீர்கள். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். சாயா கிளாஸை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றவளைப் பார்க்கிற பார்வையா அது?

தெருவே பார்க்க என்னைப் பின்சீட்டில் ஏற்றினார். ஒருக்களித்து உட்கார்ந்தால் என் இடது கை எங்கே விழுகிறது என்று அளந்தார். சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பியில், கை விழுந்த இடத்திலேயே லிவரை மாட்டி, நீளக் கேபிளைச் சீட்டுக்கு அடியில் இழுத்துவிட்டார். என் விரல் குட்டை என்று லிவரை உள்ளே வளைத்தார். வழுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபைச் சுற்றினார். கை போனது உங்களுக்கு, அளவெடுத்தது எனக்கு. உலகத்தில் எந்த மெக்கானிக்காவது இப்படிச் செய்வானா? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. நீங்களோ மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் சண்டைதான். "பிடிளா!" என்பீர்கள், பிடிப்பேன். கியரைத் தட்டிவிட்டு "விடுளா!" என்பீர்கள். பட்டென்று விடுவேன். வண்டி ஆட்டுக்கிடா மாதிரி துள்ளி நின்றுவிடும்.

"மெல்லளா. மாவு பெசையுத மாதிரி மெதுவா விடு."

"மாவை யாராவது விடுவாங்களா? ஒழுங்காச் சொல்லுங்க."

மீன் வாங்க நின்றவர்கள் எல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று வேடிக்கை பார்த்தார்கள். தோப்பும்படி அருகே ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, பின்னால் இருந்த லிவரைக் காட்டி "எந்தாடோ இது?" என்றார். "கிளட்சு சாறே" என்றீர்கள். "அப்போ இவரோ?" என்று என்னைக் காட்டினார். "அதும் கிளட்சு தன்னெ சாறே" என்றீர்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, போ போ என்று கைகாட்டினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக இருந்தபோதுதான் சிரித்தேன்.

பேச்சு எப்போது நின்றது என்று நினைவில்லை. ஒருநாள் பாலம் ஏறும்போது நீங்கள் வாயே திறக்கவில்லை, ஆனால் நான் பிடித்திருந்தேன். என் வலது உள்ளங்கை உங்கள் முதுகில் இருக்கும். கியர் மாற்றுவதற்கு முன்னால் நீங்கள் மூச்சை ஒரு பொட்டு நிறுத்துவீர்கள், முதுகு இறுகும். அப்போது பிடிப்பேன். மூச்சு இறங்கும்போது விடுவேன். நீங்கள் அப்படிச் செய்வது உங்களுக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டுமென்றே மூச்சைப் பிடிக்க ஆரம்பித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா? "உனக்கு எப்படிளா தெரியுது?" என்று கேட்டபோதெல்லாம் "சத்தத்தை வச்சுத்தான்" என்று சொல்லிவைத்தேன்.

கோபம் வந்தால் எனக்கு அந்த லிவர் போதும். உங்கள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வருகிறோம் என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பாலத்தில் வைத்துச் சொன்னீர்களே. பிடித்த லிவரை நான் விடவே இல்லை. நீங்கள் திருகத் திருக எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிடுகிறான்.

"விடுளா, விடுளா. மானம் போகுது."

"வரலைன்னு போன் பண்ணுவீங்களா?"

"பண்ணுதேன் தாயே, பண்ணுதேன்."

விட்டேன். எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் அந்த வசதி?

அந்த லிவர் வருவதற்கு முன்னால் நான் மட்டாஞ்சேரியைத் தாண்டியது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் அடுப்பு, வாசல், அடுப்பு. லிவர் வந்த பிறகு எனக்குக் கொச்சி கிடைத்தது. அதுவும் இடது பக்கம் மட்டும். ஒருக்களித்து உட்கார்ந்தால் வேறென்ன தெரியும்? போகும்போது ஒரு கொச்சி, வரும்போது வேறொரு கொச்சி. கலூர் ஸ்டேடியம் எனக்கு ஒரு வழிக்குத்தான் உண்டு, மறுவழிக்குக் கிடையாது. காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டிடங்களைத் தாண்டும்போது நம் வண்டி அதில் தெரியும். பார்த்தால் நீங்கள் ஒருவரே ஓட்டுவது போல இருக்கும். மடியில் முறுக்கு மூட்டையோடு ஒருத்தி பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் கை என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் உங்களிடம் சொன்னதில்லை.

கேன்டீன்காரர் ஒருநாள், ஆட்டோ கிளட்ச் எல்லாம் இப்போது கிடைக்கிறதே, இந்த வெயிலில் சேச்சியை ஏன் இழுத்துக்கொண்டு அலைகிறாய் என்று உங்களைக் கேட்டார். நீங்கள் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "அது பேசாதுல்லா சேட்டா. எனக்குப் பேசுத கிளட்சுதான் வேணும்" என்றீர்கள். அவர் சிரித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அந்த ஆட்டோ கிளட்ச் வீட்டுக்கு வந்து நாளாகியிருந்தது. அது எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். பொங்கலுக்குப் பெரிய பானையை எடுக்கப் பரணில் ஏறினேன். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. பிரிக்கவே இல்லை. மேலே கோயம்புத்தூர் என்று போட்டிருந்தது, நம் வண்டியின் படமும் இருந்தது. முந்தைய வாரம்தான், "இன்னும் வரலைங்கான்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டீர்கள். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். பொங்கல் முடிந்து பானையைத் திருப்பி வைக்க நீங்கள் ஏறினீர்கள், நான் கீழிருந்து தூக்கிக் கொடுத்தேன். ஏணியிலேயே ரொம்ப நேரம் நின்றீர்கள். பெட்டி பளிச்சென்று இருந்ததைப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? இறங்கி வந்து, "சாயா போடுளா" என்றீர்கள். போட்டேன். அதோடு கோயம்புத்தூர்ப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏன் மாட்டவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டிவிடுவீர்களோ என்று பயம். மாட்டிவிட்டால் பின்சீட்டில் எனக்கு என்ன வேலை?

உங்களுக்கு நெஞ்சில் வந்தது வாயு இல்லை. நீங்கள் அப்படித்தான் சொல்லி இஞ்சிச் சாறு கேட்டீர்கள், கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினீர்கள். ஆட்டோ உடனே கிடைத்தது, ஆஸ்பத்திரியும் பக்கம்தான், யாரும் எந்தக் குறையும் வைக்கவில்லை. நான் அழவில்லை. பக்கத்து வீட்டு ஆமினாத்தா அழுதார்கள், சேவி சேட்டன் அழுதார், உங்கள் தம்பிகூட அழுதார். "அழுதிரு புள்ளே, அழுதிரு" என்று ஆமினாத்தா என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் நினைத்திருக்கும், நினைக்கட்டும். காரியம் எல்லாம் முடிந்ததும் அடுப்பை மூட்டி முறுக்கு சுட்டேன். எண்ணெய் தெறித்து விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. யார் கையோ என்பீர்களே, அப்படி. உங்கள் இடது கை மாதிரி ஆகிவிட்டேன் நான். இருக்கிறேன். தொட்டால் தெரிவதில்லை.

முறுக்கை இப்போது பஸ்ஸில்தான் கொண்டுபோகிறேன். காக்கநாடு முடியவில்லை, விட்டாயிற்று. பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே இருப்பது எனக்குத் தெரியாத ஊராக இருக்கிறது. சேவி சேட்டன் அவ்வப்போது வந்து தார்ப்பாயை விலக்கி, கிக்கரை உதைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போவார். நின்ற இடத்திலேயே ஓடும் சத்தம். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "சேச்சி, ஒரு ஸ்கூட்டர் படிச்சூடே?" என்று, ஓட்டப் பழகிக்கொள்ளச் சொல்லி ஒருநாள் கேட்டார். ஆளை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர்தான் போன வாரம் ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாண்டி, ரேகா. தேனிப் பக்கம். பாண்டி ஹோட்டலில் பரோட்டா போட்டவன். மாவு பிசையும் மெஷினில் இடது கை விரல்கள் போய்விட்டன. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் வண்டி வேண்டும். ரேகா இறால் உரிக்கும் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறாள். ஒற்றைக் கைக்காரர் ஓட்டிய வண்டி மட்டாஞ்சேரியில் ஒன்று சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஆசையாக வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் லிவர் பின்னால் இருக்கிறது. இரண்டு பேரும் முழித்தார்கள்.

"இதை யாருக்கா பிடிக்கிறது?" என்றாள் ரேகா.

"நான்தான்."

காட்டிக்கொடுக்க வேண்டுமே என்று பாண்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வலது கையை அவன் முதுகில் வைத்தேன். தெரு முனைவரை போனோம். எனக்குப் பிடிபடவே இல்லை. அவன் மூச்சு அதுபாட்டுக்குப் போகிறது, வருகிறது. நான் உங்கள் மூச்சுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கியர் கரகரவென்று கத்தியது. "அக்கா, பிடிங்கக்கா!" என்று அவனும் கத்தினான். போதும் என்று இறங்கிவிட்டேன்.

ரேகா ஏறினாள். "பிடிடீ!" "பிடிச்சுட்டேன்ல!" "விடு, விடு!" "ஏன் கத்துறீங்க, காது கேக்குது!" குலுங்கிக் குலுங்கிப் போய்த் திரும்பி வந்தார்கள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "அக்கா, இது நல்லாருக்குக்கா. இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பாண்டி சிரிக்கவில்லை. "நீ ஷிப்டுக்குப் போயிட்டா நான் யாரைப் பின்னால வச்சுக்கிட்டு வேலைக்குப் போறது?" என்றான். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாங்காமலே போய்விடுவார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் சேவி சேட்டன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கேட்டார், ஊரணோ வேண்டயோ என்று. கழற்றினால் புது சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், அதுவரை அந்தப் பையனுக்கு வேலை காத்திருக்காது. அதை அவரும் சொன்னார். என் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கம்பியில் லிவர் இருக்கும்வரைதான் நான் உங்களோடு அந்த வண்டியை ஓட்டினேன் என்பதற்கு ஒரு சாட்சி. அதை எடுத்துவிட்டால் நான் வெறுமனே பின்னால் உட்கார்ந்து போனவள். கொடுக்க மனசில்லை. உங்களுக்கு வண்டி மாதிரி எனக்கு அந்த லிவர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ரேகா தன் முந்தானை நுனியை எடுத்துப் பாண்டியின் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். அவன் அந்த மொண்ணைக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

உள்ளே போய் ஏணியைப் போட்டேன். பெட்டியைக் கொண்டுவந்து சேவி சேட்டன் கையில் கொடுத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது சேச்சிக்கு இஷ்டமில்லன்னு அல்லே சேட்டன் பறஞ்ஞது?"

"எனக்கு இஷ்டமில்லைன்னா? அவரா சொன்னாரு?"

"அதே. சேச்சி சம்மதிக்கில்லன்னு."

பாருங்கள் உங்கள் வேலையை! ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை, என் பேரைச் சொல்லி, பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டதாக அவரிடம் சொல்லித் தப்பித்திருக்கிறீர்கள். தம்பி வீட்டு விசேஷத்துக்கு வாக்குக் கொடுத்தது போலவே. அன்றே தெரிந்திருந்தால் பாலத்தில் வைத்து லிவரைப் பிடித்திருப்பேன். ஆனால் இந்தத் தடவை நீங்கள் சொன்னது சரிதான். எனக்கு இஷ்டமில்லை. "ஆமா சேட்டா, எனக்கு இஷ்டமில்லாமத்தான் இருந்துச்சு" என்றேன். "இப்ப மாட்டுங்க."

கழற்றிய லிவரை என்னிடமே கொடுத்தார். முறுக்கு அச்சுகள் கிடக்கும் டப்பாவில் போட்டிருக்கிறேன், வேறெங்கே வைப்பது? சைக்கிள் டியூப் சுற்றிய இடத்தில் என் விரல் தடம் பள்ளமாக இருக்கிறது.

இன்று காலை வண்டி தயாராகி, இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போக வந்தார்கள். பாண்டி ஒரு கையால் ஸ்டார்ட் செய்து தெருவில் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிறகு ரேகா பின்னால் ஒருக்களித்து ஏறி, இடது கையால் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வர்றோம்க்கா" என்றாள். போய்ட்டு வாங்க என்றேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் திரும்புவதற்கு முன்னால் எஞ்சின் சத்தம் கனத்தது. கியர் மாற்ற வேண்டிய இடம். என் இடது கை தானாக மூடிக்கொண்டது. வண்டி கியர் மாறித் திரும்பிப் போயேவிட்டது. அதற்கு நான் வேண்டியிருக்கவில்லை.

கை மட்டும் மூடியபடியே இருந்திருக்கிறது. விடுளா என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, ஆமினாத்தா வந்து தோளைத் தொட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். வலது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நகம் பதிந்து உள்ளங்கை சிவந்திருந்தது.

ஏங்க, வலிக்குது.